கணக்கின் தொகைநிலையும் கணிப்பொறியின் இலக்கணமும்

'பொன்மணி' என்னும் தொடரை விரித்துக் காட்டித் தொகைநிலை கற்பிப்பது தமிழ் வகுப்பின் நெடுநாள் வழக்கம். பொன்னாலாகிய மணி, பொன்னோடு சேர்ந்த மணி, பொன்னும் மணியும் என அது பலவாறு விரியும். தொகைமொழி இரண்டு முதல் ஏழு பொருள் வரையில் மயங்கி வரும் என்று நன்னூலார் எல்லை கண்டார். உரையாசிரியர்கள் அவ்வெண்ணுக்கு ஏற்ப உதாரணங்களை அடுக்கினர். முதலில் தோன்றுவதே பொருள், ஏனையவற்றைத் தள்ளிவிடுக என்று அவர்களுள் எவரும் விதி செய்தாரில்லை. விரியும் வகைகளையெல்லாம் எடுத்துக் காட்டினர். இவற்றுள் இன்னது என்று துணிவதை இடத்துக்கும் கற்போன் அறிவுக்கும் விட்டனர்.

கணக்கிற்கும் ஒரு தொகைநிலை உண்டு. இயற்கணிதத்தில் ஏ, பி என்னும் இரண்டு எழுத்துக்களை அருகருகே எழுதினால் இடையே பெருக்கற்குறி தொக்கு நிற்கிறது. எஃப் என எழுதி, அதனையடுத்து அடைப்புக்குள் எக்ஸ் என எழுதினால், அங்கே தொக்கு நிற்பது பெருக்கலா, அன்றி 'எக்ஸின் சார்பு' என்னும் உறவா? பை என்னும் கிரேக்க எழுத்தையடுத்து அடைப்புக்குள் எக்ஸ் வந்தது என்று கொள்க. வட்டத்தின் சுற்றளவைக் கற்ற மாணவன் 3.14-ஐ எக்ஸால் பெருக்குவான். எண்ணியல் கற்றவனோ, எக்ஸுக்கு மேற்படாத பகா எண்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்குவான். எக்ஸ் 10 ஆயின் முன்னவன் விடை ஏறக்குறைய 31.4, பின்னவன் விடை 4. எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு.

மனிதன் படிக்கும்போது இம்மயக்கம் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. மேல்வரியில் ஆசிரியர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அவன் கீழ்வரியைப் படிக்கிறான். கணிப்பொறிக்கு மேல்வரி கிடையாது. கையிற் கொடுத்த வரி ஒன்றுதான் உண்டு. அச்சுக்கென எழுதப்பட்ட கணக்கு வரியை வாங்கி, சுருக்கவும் விரிக்கவும் தீர்க்கவும் தகுந்த குறியீட்டுக் கோவையாக அதனை மாற்றித் தரும் நிரலை அமைப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடை, 'பார்சர் ஜெனரேட்டர்' எனும் கருவி. தொடரைப் பிரித்து உறுப்புகளின் உறவைக் காட்டும் நிரல் பகுப்பி. இலக்கணத்தைக் கொடுத்தால் பகுப்பியைத் தானே ஆக்கித் தருவது பகுப்பியாக்கி. இந்த விடை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அச்சுக்குப் பிறந்த மொழி

1977-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' என்னும் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளைக் கண்டு மனம் வெறுத்தார். முற்பதிப்பில் ஈய எழுத்துக்களால் அமைந்திருந்த அழகு புதிய அச்சுமுறையில் கெட்டிருந்தது. அவ்வெறுப்பிலிருந்து பிறந்ததுதான் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மொழி. பின்னர் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லாடெக்' என்பதைக் கட்டினார். அவருடைய நூல் 1986-இல் வெளிவந்தது. இன்று கணிதக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் கைக்கொள்வது இக்குறிமொழியையே.

இம்மொழி இடும் ஏவல்கள் யாவை? இதனை மேலே ஏற்று. இதனைக் கீழே இறக்கு. கோடு ஒன்று இழுத்து மேலே இதையும் கீழே அதையும் வை. மேலே ஏறியது அடுக்கா, வரிசை எண்ணா, அடிக்குறிப்பின் எண்ணா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அச்சுக்கோப்பவனுக்கு அந்தக் கவலை வேண்டியதும் இல்லை.

டெக் தோன்றுமுன்னரே, பெல் ஆய்வுக்கூடத்தில் பிரையன் கெர்னிகன், லொரிண்டா செரி ஆகிய இருவரும் 'இ-க்யூ-என்' என்ற கணக்கு அச்சு மொழியை ஆக்கி, 1975-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். கணிதமும் அச்சுக்கலையும் அறியாத தட்டெழுத்தரும் எளிதிற் கற்கத்தக்கது அது என்று அவர்களே உரைத்தனர். அதன் பகுப்பியை அவர்கள் கையால் எழுதவில்லை. அதே கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் ஆக்கிய 'யாக்' என்னும் பகுப்பியாக்கியிடம் இலக்கணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டனர். ஆகவே கணக்குக் குறிமொழிக்குப் பகுப்பியாக்கியைப் பயன்கொள்ளும் எண்ணம் புதியதன்று. அரை நூற்றாண்டுப் பழமை உடையது. ஆயினும் அவர்கள் வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் பகுத்தது வடிவத்தை; பொருளை அன்று. 'எஃப்' அருகே அடைப்பு வந்தால் அடைப்பை எவ்வளவு உயரமாக வரைய வேண்டும் என்பதே அவர்கள் வினா. அவ்வினாவுக்கு இலக்கணம் ஐயமின்றி விடை தந்தது.

இலக்கணத்தை எழுதினால் பகுப்பி பிறக்கும்

1959-இல் பாரிசில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் ஜான் பேக்கஸ், நிரலாக்க மொழியின் தொடரமைப்பைச் சிறு சிறு விதிகளாக எழுதும் முறையொன்றை முன்வைத்தார். ஆல்கால் 60 என்னும் மொழியின் அறிக்கையில் பீட்டர் நௌர் அதனைச் செப்பம் செய்து பயன்படுத்தினார். இருவர் பெயராலும் இன்று வழங்கும் அம்முறைக்குப் பாணினியின் பெயரைச் சேர்த்தல் தகும் என்று 1967-இல் பீட்டர் இங்கர்மன் என்பார் அமெரிக்கக் கணிப்பொறி இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். வடமொழி இலக்கணியின் சூத்திர முறையும் இம்முறையும் ஒருவகையில் உறவுடையன என்பது அவர் கருத்து. பெயர் மாறவில்லை, எனினும் கணிப்பொறி அறிஞர் தம் கருவியின் முன்னோரை இலக்கண ஆசிரியர்களிடையே தேடியது தமிழாசிரியர்க்கு உவப்பளிக்கக்கூடிய செய்தியே.

விதிகள் எவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. கோவை என்பது உறுப்புகளின் கூட்டல். உறுப்பு என்பது காரணிகளின் பெருக்கல். காரணி என்பது ஓர் எண், அல்லது ஓர் எழுத்து, அல்லது அடைப்புக்குள் அமைந்த கோவை. இம்மூன்று விதிகளே போதும். மூன்றாவது விதி முதல் விதியை மீண்டும் அழைப்பதால், அடைப்புக்குள் அடைப்பாக எவ்வளவு ஆழமும் செல்லலாம். பெருக்கலுக்குக் கூட்டலினும் முன்னுரிமை என்பதும் தனியே கூறாமலே உள்ளடங்கிவிடுகிறது. 3 கூட்டல் 4 பெருக்கல் 5 என்னும் வரியை இவ்விலக்கணத்தால் பகுத்தால் 23 தான் கிடைக்கும்; 35 கிடைக்க வழியே இல்லை. இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் இத்தகைய பகுப்பைச் செய்யத்தக்க இலக்கணங்கள் யாவை என்று 1965-இல் ஆராய்ந்து வரையறுத்தவரும் நூத் அவர்களே. தாம் பின்னாளில் ஆக்கிய அச்சு மொழியை அவ்வகைக்குள் அவர் அடக்கவில்லை என்பது வேடிக்கை. டெக்கில் எந்த எழுத்து எந்தத் தொழிலைச் செய்யும் என்பதையே எழுதுவோன் நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம். ஆதலால் டெக் முழுமைக்கும் நிலையான இலக்கணம் ஒன்றை எழுதிவிட இயலாது. பகுப்பியாக்கி கொண்டு செய்யப்படுவன யாவும் அதன் ஒரு பகுதிக்கே உரியன.

நிரலாக்க மொழிகளை ஆக்குவோர் பகுப்பிக்கு இணங்குமாறே அவற்றை ஆக்குகின்றனர். கணக்குக் குறியோ எவர் திட்டத்துக்கும் கட்டுப்பட்டு வளர்ந்ததன்று. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அச்சேற்றினார். வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் உரிய குறிகளை லைப்னிட்ஸ் 1675-இல் தம் கைப்பிரதியில் எழுதினார். சைன் என்பதன் தலைமேல் கழித்தல் 1 இட்டு, அதன் நேர்மாறைக் குறிக்கும் வழக்கை ஜான் ஹெர்ஷல் 1813-இல் புகுத்தினார். அதே தலைமேல் 2 இட்டால் மட்டும் அது வருக்கத்தைக் குறிக்கும்! ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு எண்களுக்கு இரண்டு வேறு தொழில். நாட்டுக்கு நாடும் வழக்கு வேறுபடும்: முனைகளை உட்கொள்ளாத இடைவெளியைக் குறிக்கப் பிரெஞ்சு நூல்கள் சதுர அடைப்பைப் புறந்திருப்பி எழுதும், பிறர் வளைந்த அடைப்பால் எழுதுவர். அவ்வளைந்த அடைப்பே வரிசை இணைக்கும் மீப்பெரு பொது வகுத்திக்கும் ஆகும். பேச்சு வழக்கு வளர்ந்தவாறே இதுவும் வளர்ந்தது.

சிம்பையின் முதற் பகுப்பி

பைத்தன் மொழியில் அமைந்து, விலையின்றி எவர்க்கும் கிடைப்பது சிம்பை என்னும் குறியீட்டுக் கணித நூலகம். லாடெக் வரியைக் கோவையாக்கும் பகுதி 2018-இல் அதனுட் சேர்ந்தது. முதலில் தனி முயற்சியாக எழுந்து பின்னர் அதனுள் வந்த இப்பகுப்பி, டெரன்ஸ் பார் ஆக்கிய 'ஆன்ட்லர்' என்னும் பகுப்பியாக்கியால் அமைந்தது. பகுப்பியாக்கியைக் கைக்கொண்டதால் விளையும் பெரும்பயன் இங்கே வெளிப்படுகிறது: இலக்கணம் ஒரு தனிக் கோப்பாக எழுதப்பட்டிருப்பதால், நிரலின் காட்டுக்குள் புகாமலே அதனைப் படித்துக் குறை நிறை கூறலாம்.

நிறையை முதலில் கூறுதல் முறை. சைன் எக்ஸ் காஸ் ஒய் என்று அடைப்பின்றி எழுதினால், சைனின் ஆட்சி எக்ஸோடு முடிகிறது; காஸ் தனியே நிற்கிறது; இடையே பெருக்கல். ஆனால் சைன் 2 எக்ஸ் என்று எழுதினாலோ, ஆட்சி 2-ஐயும் எக்ஸையும் சேர்த்துக் கொள்கிறது. கணிதர் எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொண்ட இவ்வழக்கை இலக்கணமாக்குதல் எளிதன்று. இப்பகுப்பியின் ஆசிரியர்கள் பெருக்கலுக்கும் அதன் கீழ்ப்பட்ட உறுப்புகளுக்கும் உரிய விதிகளை இரண்டு முறை எழுதினர்: சார்புகளை ஏற்கும் வரிசை ஒன்று, சார்பு எதிர்ப்பட்டால் நின்றுவிடும் வரிசை மற்றொன்று. அடைப்பில்லாத சைனுக்குப் பின் இரண்டாம் வரிசையே செல்லும். கூறியது கூறல் என்று இதனைக் குற்றம் சொல்வார் உளர். ஆனால் வழக்கை உள்ளபடி பிடித்த விதி இது. ஹெர்ஷலின் கழித்தல் ஒன்றையும் அவர்கள் மறக்கவில்லை. அதனை மட்டும் இலக்கணத்தில் வைக்காது, மரத்தைக் கோவையாக்கும் நிரலில் புறனடையாக வைத்தனர். அதுவும் தக்கதே.

இனிக் குறை. தொகையீட்டின் ஈற்றில் வரும் 'டி எக்ஸ்' என்பதை அறிவதற்கு, டி என்னும் எழுத்தையடுத்து வேறோர் எழுத்து வந்தால் இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்துவிடுமாறு இக்கோப்பு விதிக்கிறது. இச்சேர்க்கை எழுத்துக்களைச் சொற்களாக்கும் முதற்படியிலேயே நிகழ்வது. தொடரமைப்பை நோக்கும் இரண்டாம் படி அப்பொழுது தொடங்கவே இல்லை. ஆகவே தொகையீடு இல்லாத இடத்திலும், டி என்பதைத் தொலைவு என்று கொண்டு அதனை எக்ஸால் பெருக்க எழுதிய இடத்திலும், அவை ஒட்டி ஒரே பெயராகிவிடும். சந்தியைப் பிரிக்குமுன் பொருளை முடிவு செய்துவிட்ட மாணவனின் நிலை இது. 'செம்பொன்பதின்றொடி' என்பதைச் செம்பொன் பதின்தொடி என்று மட்டுமே பிரித்து, செம்பு ஒன்பதின்தொடி என்ற வழியை அடைத்துவிட்டவன் என்ன செய்தானோ, அதையே இந்த முதற்படி செய்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. எழுத்தொன்றையடுத்து வளைந்த அடைப்பு வந்தால் அது சார்பு என்று கொள்ளும் விதி இவ்விலக்கணத்தில் உளது. எஃப், ஜி என்பனவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் ஏ என எழுதி அடைப்புக்குள் பி கூட்டல் சி என எழுதுவது, இயற்கணிதத்தின் முதற் பாடங்களுள் ஒன்றாகிய பங்கீட்டு விதியன்றோ! அதனையும் 'பி கூட்டல் சி-யின் ஏ என்னும் சார்பு' என்று கொள்வதற்கு இவ்விலக்கணம் இடந்தருகிறது. இப்பகுப்பியை நம்பி விடைத்தாள் திருத்தும் நிரல் ஒன்றை ஒருவர் அமைத்தால் என்ன நேரும்? வினாவில் உள்ள வடிவம் சார்பாகிவிடும். மாணவன் விரித்தெழுதிய ஏபி கூட்டல் ஏசி பெருக்கலாகவே நிற்கும். இரண்டும் ஒன்றல்ல என்று பொறி தீர்ப்பளிக்கும். சரியாகச் செய்த பிள்ளை மதிப்பெண் இழப்பான். ஏன் இழந்தான் என்பதை அவனுக்கும் எவரும் சொல்லார், ஆசிரியருக்கும் தெரியாது. பொறி தடுமாறி நின்றிருந்தாலன்றோ யாரேனும் எட்டிப் பார்த்திருப்பர்!

இது விதியெழுதியவர் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. எதிர்மறையாக விதித்திருந்தால், எஃப் எக்ஸ் என்ற சார்பு பெருக்கலாகிக் கெட்டிருக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பாதிப் பேருக்குப் பிழை. குறை விதியில் இல்லை; ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்னும் கருவியின் பிடிவாதத்தில் இருக்கிறது. யாக் கருவி, விதிகள் முரணினால் பகுப்பியை ஆக்கும்போதே இலக்கணம் எழுதியவனுக்கு அறிவித்துவிடும். ஆன்ட்லரின் நான்காம் பதிப்போ, வரியைப் பகுக்கும் நேரத்தில் இரண்டு வழியும் பொருந்தக் கண்டால், கோப்பில் முன்னதாக எழுதப்பட்ட வழியைத் தானே எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை வேண்டுவோர் தனியே கேட்டுப் பெறவேண்டும். நிரலாக்க மொழிக்கு இது வசதி. எல்லா வரிக்கும் ஒரே பொருள்தான் இருக்கவேண்டும் என்பது அங்கே உடன்பாடு. அத்தகைய உடன்பாடு இல்லாத கணக்குக் குறிக்கு இவ்வசதி பொய்த்துணிவாக முடிகிறது.

நூற்றுக்கு நாற்பத்து மூன்று

1999-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த ரிச்சர்டு ஃபேட்மனும் எய்லன் காஸ்பியும் டெக்கைக் கணிதமாகப் பகுக்கும் முயற்சி பற்றி எழுதினர். புகழ்பெற்ற தொகையீட்டு அட்டவணை நூலொன்றின் 10,740 வாய்பாடுகளை அவர்கள் தம் நிரலிடம் கொடுத்தனர். அது கையாளக்கூடியதாயிருந்தது 43 விழுக்காடு. இதனினும் மிகுந்த வெற்றியை எளிதில் எய்தலாம் என்று அவர்கள் நம்பிக்கை தெரிவித்தனர்.

43 என்பது தேர்வில் தோற்ற மதிப்பெண் போலத் தோன்றும். ஆயினும் எஞ்சிய 57 விழுக்காட்டைப் பற்றி அந்நிரல் எனக்கு இயலவில்லை என்றது. அதுவே அதன் பெருமை. நூற்றுக்கு நூறும் பகுத்துவிட்டேன் என்று ஒரு நிரல் கூறி, அவற்றுள் எவை தவறு என்று காட்டாதிருப்பின், பயன்படுத்துவோர் நூறையும் மீண்டும் சரிபார்த்தாக வேண்டும். ஓர் அட்டவணை நூல் என்பது ஒரே மரபில், ஒரே துறையில், ஒழுங்காக அச்சிட்ட வாய்பாடுகளின் தொகுதி. அங்கேயே பாதிக்கு மேல் நழுவிற்று என்றால், பல துறையார் பலவாறு எழுதும் கட்டுரைகளில் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் காட்டும் பகுப்பி

2024-இல் சிம்பை இரண்டாவது பகுப்பியொன்றைச் சோதனை நிலையில் சேர்த்துக்கொண்டது. இதற்கு அடிப்படை 'லார்க்' என்னும் பகுப்பியாக்கி. ஜே எர்லி என்பார் 1968-இல் தம் ஆய்வேட்டில் வகுத்த வழிமுறை அதனுள் இயங்குகிறது. அவ்வழிமுறையின் சிறப்பு என்னவெனில், எந்தச் சூழல்சாரா இலக்கணத்தையும் அது ஏற்கும். ஒரு வரி இரண்டு வகையாகப் பிரியுமாயின் இரண்டையும் கைவிடாது சுமந்து செல்லும். லார்க்கிடம் வேண்டிக்கொண்டால், மயங்கும் இடத்தில் 'இஃது ஐயம்' என்று முத்திரையிட்ட கணு ஒன்றை வைத்து, அதன்கீழ் எல்லாப் பகுப்புகளையும் தொங்கவிட்டுத் தருகிறது. சிம்பையின் புதிய பகுப்பி அதனையே வேண்டிப் பெறுகிறது. எஃப் எக்ஸ் என்பது பெருக்கலாகவும் சார்பாகவும் இரண்டு கிளையில் நிற்கும். பொன்மணியை விரித்த உரையாசிரியர் செய்ததும் இதுவன்றி வேறன்று.

முன்னதினும் இவ்வமைப்பு மேலானது, ஐயமில்லை. ஆயினும் இதற்கும் இரண்டு தடைகள் கூறவேண்டும். ஒரு வரியில் இத்தகைய மயக்கம் பத்து இடத்தில் வந்து, ஒவ்வோரிடத்திலும் இரண்டு வழி இருப்பின், பகுப்புகள் 1,024 ஆகும். கோவை ஒன்றைக் கேட்டவன் கையில் காடு ஒன்றைக் கொடுத்தது போலாம். அவற்றுட் பல வெறும் நிழல்கள். மூன்று எண்களைக் கூட்டும்போது முதலிரண்டை முன்னே கூட்டினால் என்ன, பின்னிரண்டை முன்னே கூட்டினால் என்ன? விடை ஒன்றே. பொருளை மாற்றாத மயக்கம், பொருளை மாற்றும் மயக்கம் என இவ்விரண்டையும் பிரித்தறிதலே இலக்கணம் அமைப்பவன் திறமை. முன்னதை விதியால் அடைத்துவிட வேண்டும். பின்னதை மட்டும் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்தது ஆன்ட்லர் பகுப்பியின் குறை. எல்லாவற்றையும் திறந்துவிடும் சோம்பலுக்கு எர்லியின் வழிமுறை இடந்தரக்கூடும்.

மற்றொரு தடை: இரண்டையும் காட்டிய பின் யார் துணிவது? உரையாசிரியர்க்கு இடம் துணை செய்தது. பொறிக்கு இடத்தை எவ்வாறு கொடுப்பது? இதற்கு விடை கணிப்பொறி உலகில் பழையது. சி மொழியில் ஒரு பெயரையடுத்து உடுக்குறியும் வேறொரு பெயரும் வந்தால், அது பெருக்கலாகவும் இருக்கலாம். ஒரு மாறியை அறிவிப்பதாகவும் இருக்கலாம். எது என்பது முதற்பெயர் ஒரு வகையின் பெயரா என்பதைப் பொறுத்தது. ஆதலால் சி மொழிப் பகுப்பிகள் பெயர்ப்பட்டியல் ஒன்றை உடன்வைத்துக்கொண்டு, முன்னே அறிவித்த பெயர்களை அதில் பார்த்துத் தெளிகின்றன. கணக்குக்கும் அவ்வாறே 'எஃப், ஜி சார்புகள். ஏ, பி, சி எண்கள். பை பகா எண்களை எண்ணும் சார்பு' என்று ஒரு பட்டியலைப் பகுப்பிக்கு வரியோடு சேர்த்துக் கொடுத்தால், ஐயக் கணுக்களிற் பல தாமே உதிர்ந்துவிடும். எஞ்சியவற்றைப் பயன்படுத்துவோனிடம் கேட்கலாம். பகுப்பியாக்கியைத் தேர்வதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை இப்பட்டியலுக்குக் காட்டியிருந்தால், முதற் பகுப்பியும் இவ்வளவு இடறியிராது.

ஆசிரியனே சொல்லிவிடுதல்

அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. 1964-இல் வெளிவந்த அப்ரமோவிட்ஸ்–ஸ்டெகுன் கையேட்டுக்குப் பின்வந்ததாக, கணிதச் சார்புகளின் மின் நூலகத்தை அந்நிறுவனம் 2010-இல் வெளியிட்டது. அதன் வாய்பாடுகளை எழுதுவோர், பெசல் சார்பை வெறும் ஜே என்று எழுதாமல், 'இது பெசல் சார்பு, இது அதன் வரிசை, இது அதன் மாறி' என்று உணர்த்தும் தனிக்கட்டளைகளால் எழுதினர். அச்சில் ஜே தான் தோன்றும். உள்ளே பொருள் நிற்கும். தொகைநிலையை எழுதியவனே விரித்துக் கொடுத்துவிட்டால் உரையாசிரியனுக்கு வேலை இல்லை. அந்நிறுவனத்தின் புரூஸ் மில்லர் ஆக்கிய 'லாடெக்-எம்எல்' என்னும் நிரல் இவற்றை வலைக்குரிய கணக்குக் குறியாக மாற்றுகிறது.

அவ்வலைக் குறியில் வியக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. 1998-இல் முதற் பதிப்புப் பெற்ற 'மாத்-எம்எல்' மொழி, கண்ணுக்குத் தெரியாத பெருக்கற்குறி ஒன்றையும், கண்ணுக்குத் தெரியாத சார்புக்குறி ஒன்றையும் வைத்திருக்கிறது. இரண்டும் அச்சில் வெற்றிடமே. பொறிக்கு மட்டும் வேறு வேறு எழுத்துக்கள். தொக்கு நின்றதற்கு ஓர் எழுத்துக் கொடுத்துவிட்டனர்! தமிழிலக்கணத்தில் வேற்றுமைத்தொகைக்கும் உம்மைத்தொகைக்கும் இவ்வாறு மறைகுறிகள் இருந்திருப்பின் உரைகள் பாதியாகச் சுருங்கியிருக்கும், சுவையும் பாதியாகியிருக்கும்.

ஆனால் தனிக்கட்டளை முறை இனி எழுதப்படுவனவற்றுக்கே உதவும். 1991 முதல் 'ஆர்க்கைவ்' என்னும் முன்பதிப்புக் களஞ்சியத்தில் குவிந்துள்ள கட்டுரைகளை எழுதியோர் அச்சை மட்டுமே எண்ணி எழுதினர். அவற்றை இயன்றவரை பொருளறிந்து மாற்றவேண்டிய தேவை, குறியீட்டுக் கோவை வேண்டுவோர்க்கு மட்டும் உரியதன்று. கண்ணிழந்த வாசகர்க்கும் உரியது. இளமையிலேயே பார்வை இழந்தவரும், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று கார்னெல் பல்கலைக்கழகம் சென்றவருமான டி. வி. ராமன், லாடெக் நூல்களைச் செவிக்கு வாசித்துக் காட்டும் 'ஆஸ்டர்' என்னும் அமைப்பை 1994-இல் தம் முனைவர் பட்ட ஆய்வாக முடித்தார். தமக்கு வழிகாட்டிய நாயின் பெயரையே அதற்கு இட்டார்.

ராமன் கொண்ட வடிவமைப்பு மற்றெல்லாவற்றினும் அடக்கமானது. மேற்குறி, கீழ்க்குறி முதலியவற்றை அடுக்கு என்றோ வரிசை எண் என்றோ அவருடைய நிரல் துணிவதில்லை. ஓர் உறுப்பின் மேலே இது இருக்கிறது, கீழே இது இருக்கிறது என்னும் இட உறவை மட்டும் மரத்தில் பதித்து வைக்கும். பொருள் தெரிந்த இடத்தில் பொருளோடு வாசிக்கும். தெரியாத இடத்தில் இருக்கும் நிலையைச் சொல்லும். வாசிக்கும் முறையை மாற்றிக் கேட்கவும், வாய்பாட்டின் உட்கிளைகளில் இறங்கிப் பகுதி பகுதியாகக் கேட்கவும் இயலும். பொருளைத் துணிபவன் கேட்போனே. கோவையாக்கிக் கணக்கிட இது போதாது என்பது உண்மை. ஆயினும் பொய்ப்பொருள் ஒன்றைக் காதில் ஓதாமை பெரிதன்றோ.

2023 டிசம்பரில் ஆர்க்கைவ் களஞ்சியம் புதிய கட்டுரைகளை வலைப்பக்க வடிவிலும் தரத் தொடங்கியது. செவிவழிப் படிப்போர் தேவையை முன்னிட்டே அவ்வேற்பாடு. மாற்றித் தருவது மில்லரின் லாடெக்-எம்எல் நிரலே. அதனுள்ளும் கணக்குக்கென ஓர் இலக்கணமும் அதனால் ஆக்கிய பகுப்பியும் உள்ளன. பகுப்பிக்குப் பிடிபடாத வாய்பாடு வந்தால் அந்நிரல் கட்டுரையை நிறுத்திவிடுவதில்லை. வடிவத்தை வந்தவாறே வைத்துக்கொண்டு, இன்ன வாய்பாட்டைப் பகுக்க இயலவில்லை என்று தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறது.